ஆர்னி லாம்பியின் பத்தாவது சட்டைத் துண்டு

இந்த அக்டோபர் ஒன்றாம் தேதி, வில் வேட்டைக்குக் காடு திறந்த அன்று, மெல் தோமசினியின் வேட்டைக் குடிலில் அடுப்புக்கு மேலே பலகைச் சுவரில் முப்பத்திரண்டு சட்டைத் துண்டுகள் ஆணியில் தொங்கின. அவற்றில் ஒன்பது ஆர்னி லாம்பியுடையவை. ஒன்பதும் கடைசி ஆறு வருடத்தில் வந்து சேர்ந்தவை. அதற்கு முந்தைய காலம் முழுவதும் தேடினாலும் அவர் பெயரில் ஒரு நூல்கூடக் கிடைக்காது.

வழக்கம் இதுதான். மானைக் குறிபார்த்து விட்ட அம்பு தவறிப் போனால், விட்டவர் குடிலுக்குத் திரும்பியதும் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். மெல் கத்தரிக்கோலை எடுத்து அவருடைய சட்டையின் பின்தொங்கலை ஒரு கை அகலத்துக்கு வெட்டுவார். பெயரையும் வருடத்தையும் எழுதி ஆணியில் அடிப்பார். அத்தோடு சரி. வெட்டுப்பட்டவர் காரணம் சொல்லக் கூடாது, மற்றவர்கள் கேட்கவும் கூடாது. காற்று மாறியது, கிளை குறுக்கே வந்தது, வெயில் கண்ணில் அடித்தது என்று ஆளாளுக்கு ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிப்போகும் என்று மெல்லின் அப்பா காலத்தில் போட்ட சட்டம் அது. நல்ல சட்டம்தான். குடிலில் சண்டை வந்ததே கிடையாது. ஆனால் அந்தச் சட்டத்தால், ஒரு மனிதர் ஆறு வருடத்தில் ஒன்பது முறை தவறவிட்டும், ஏன் என்று ஒருவர்கூட அவரைக் கேட்கவில்லை.

ஆர்னிக்கு வயது அறுபத்து மூன்று. சுப்பீரியர் ஏரிக்குத் தெற்கே, காட்டுக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரிலேயே பிறந்தவர். காகித ஆலையில், மரக்கட்டைகளைக் கடித்துச் சில்லுகளாகத் துப்பும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றே ஓய்வு பெற்றவர். காதுக்கு அடைப்பான் கொடுத்தார்கள். போட்டுக்கொண்டால் இயந்திரத்தின் பல் மழுங்குவது தெரியாது என்று அதைக் கழுத்தில் மாலையாகத் தொங்கவிட்டே காலத்தை ஓட்டினார். தொலைக்காட்சியில் பனி ஹாக்கி ஓடினால், அவர் வைக்கிற சத்தத்தில் தெருமுனையில் இருப்பவனுக்கும் கோல் கணக்கு தெரியும். ஓய்வு பெறும்போது பரிசோதித்து, காதுக்கு ஒரு கருவி எழுதிக் கொடுத்தார்கள். ஒரு வாரம் மாட்டினார். வெர்னா தட்டு கழுவுவது துப்பாக்கிச் சண்டை போல இருக்கிறது என்று கழற்றி, காலுறை வைக்கும் அலமாரியில் போட்டுவிட்டார். வெர்னா அவருடைய மனைவி. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறார்.

வில் என்றால் ஆர்னிக்கு மரவில்தான். சக்கரமும் கம்பியும் வைத்த புது வில்களை அவர் தொட்டதில்லை. "சைக்கிள் ஓட்டணும்னா சைக்கிளே வாங்கிக்குவேனே" என்பார். மரவில்லில் அம்பு, பிடிக்கு மேலே இருக்கும் சிறு திட்டிலேயே உரசிக்கொண்டு போகும். பிளாஸ்டிக் வால் அங்கே இடித்துத் தடுமாறும். பறவையின் இறகு மடிந்து கொடுத்து, வில்லைத் தாண்டியதும் விரிந்துகொள்ளும். அதனால் வான்கோழி இறகு. ஒரு அம்புக்கு எல்லா இறகும் இடது சிறகிலிருந்து, அல்லது எல்லாமே வலது சிறகிலிருந்து. இரண்டையும் கலந்தால் எந்தப் பக்கம் சுழல்வது என்று அம்புக்குக் குழப்பம் வரும். குளிர்காலம் முழுக்க அவர்கள் வீட்டுச் சமையல் மேசையில் கிடுக்கியும் பசையும் இறகும்தான். சூப்பில் இறகுத் தூள் மிதக்கிறது என்று வெர்னா எங்கள் ஊரில் சொல்லாத ஆள் இல்லை.

போன அக்டோபரில் நடந்ததைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

ஒரு கொம்பன் மான். பெரியது. ஆர்னி இருந்த மரப் பரணுக்கு இருபது கெஜத்தில் பக்கவாட்டில் நின்றது. அம்பை விட்டார். மான் சட்டென்று குனிந்தது, அம்பு மேல் முதுகில் சதையைக் கிழித்துக் குத்தி நின்றது, மான் அம்போடு ஓடியது. குடிலில் இருந்த அத்தனை பேரும் முழங்காலில் தவழ்ந்து ரத்தத்துளியைத் தேடினார்கள். செடார் மரங்கள் நிற்கும் சதுப்பில் கறுத்த தண்ணீருக்குள் தடம் முடிந்துபோனது. மறுநாளும் தேடினார்கள். அதற்கடுத்த நாள் ஆர்னி தனியாகப் போய் இடுப்பளவு சேற்றில் தேடினார். கிடைக்கவில்லை.

இதற்குச் சட்டை வெட்டும் வழக்கம் இல்லை. இது தவறவிடுவதைவிட மோசமானது. அன்று மேசையில் யாரும் கேலி பேசவில்லை. ஆர்னிதான் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னார்:

"இன்னொரு மான் என் அம்பால காயம்பட்டு ஓடிச்சுன்னா, இந்த வில்லை இதே அடுப்புல போட்டுருவேன். நீங்க எல்லாரும் சாட்சி."

"சரிப்பா, முதல்ல சாப்பிடு" என்றார் மெல்.

"சாட்சின்னு சொல்லு."

"சாட்சிதான். சாப்பிடு."

சொன்னால் செய்கிற ஆள். அது எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் குளிர்காலத்தில் ஆர்னி தன் பழைய முடிவை இன்னும் உறுதியாக்கிக்கொண்டார். கை தளர்ந்துவிட்டது, நாணை விடும்போது நடுக்கம் வருகிறது, அம்பு கோணலாகக் கிளம்புகிறது. அப்படிக் கிளம்பும் அம்பைச் சீக்கிரம் நேராக்க வேண்டுமென்றால் இறகைப் பெரிதாக்க வேண்டும். இந்தக் கணக்கைத்தான் அவர் ஆறு வருடமாகப் போட்டுவந்தார். ஒவ்வொரு முறை தவறியதும் இறகு கொஞ்சம் நீண்டது, கொஞ்சம் உயர்ந்தது, திருகல் கொஞ்சம் கூடியது. நான்கு அங்குலத்தில் ஆரம்பித்து ஐந்தரைக்கு வந்திருந்தது. பின்முனையைக் கேடயம் போல நேராக வெட்டியிருந்தார். பார்க்க அழகு. கோடையில் ஊர் வில் சங்கத்துப் போட்டியில், காட்டுக்குள் ஆங்காங்கே நிறுத்தி வைத்த ரப்பர் மான்கள் எல்லாவற்றையும் நெஞ்சில் அடித்து முதல் பரிசு வாங்கினார். பரிசு, புகை போட்ட ஒரு முழுப் பன்றித் தொடை.

"பாத்தியா, இறகு வேலை செய்யுது" என்று வெர்னாவிடம் காட்டினார்.

ரப்பர் மானுக்குக் காது கேட்காது என்பதை அவர் யோசிக்கவில்லை. சங்கத்தில் யாருமே யோசிக்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. வீட்டுக்குப் பின்னால் அவர்களுடைய சவுனா இருக்கிறது. தடித்த மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய, சூடான கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவியில் குளிக்கிற சின்ன அறை. அதன் ஓரத்தில்தான் ஆர்னியின் வைக்கோல் இலக்கு. வெர்னா உள்ளே பலகைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் திறந்திருந்தது. ஆர்னி தோட்டத்தின் மறுகோடியில் நின்று அம்பு விட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் வெர்னா ஈரக்கையோடு வெளியே வந்தார்.

"ஆர்னி! அது என்ன பறவை?"

"எது?"

"சவுனாகிட்ட பறக்குதே. நீ அம்பு விடுறப்பல்லாம் ஒன்னு சர்ர்ருன்னு வருது. அப்புறம் தொம்முன்னு ஒரு சத்தம்."

"தொம்முன்னு கேக்குறது அம்பு."

"அது தெரியும். அதுக்கு முன்னாடி வர்றது?"

ஆர்னி வானத்தைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். "பறவை ஒன்னும் இல்லையே."

"அப்ப அதுவும் உன் அம்புதான்."

"என் அம்பு சத்தம் போடாது."

"உனக்கு" என்றார் வெர்னா.

ஆர்னி வில்லைத் தூக்கிக் காட்டினார். நாணில் இரண்டு இடத்தில், சத்தத்தை அடக்க, பீவர் என்ற நீர்விலங்கின் ரோமம் கட்டியிருந்தது. "இதைப் பாரு. இழுத்து விட்டா ஒரு சின்ன 'டக்' கூட வராது. சங்கத்துல எல்லாரும் சொல்றாங்க."

"வில்லைப் பத்தி யாரு பேசினா? நான் உக்காந்திருக்கேன், என்னைப் பாத்து ஒன்னு சீறிக்கிட்டே வருது. நான் மானா இருந்தா அப்பவே தரையில படுத்திருப்பேன்."

சொல்லிவிட்டு வெர்னா உள்ளே போய்விட்டார். இந்த வாக்கியம் ஆர்னியை எந்த இடத்தில் குத்தியது என்று வெர்னாவுக்கு அப்போது தெரியாது. மான் குனிவது பயத்தில் பதுங்குவதற்கு அல்ல. பாய்ந்து ஓட வேண்டுமென்றால் முதலில் காலை மடக்கியாக வேண்டும். அந்த மடக்கலில் உடம்பு ஒரு முழம் இறங்கிவிடும். நெஞ்சுக்கு விட்ட அம்பு முதுகுக்கு மேலே போகும். கொஞ்சம் குறைவாக இறங்கினால் முதுகில் கிழிக்கும்.

ஆனால் அதை ஒத்துக்கொள்வதென்றால் இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அலமாரியில் காலுறைக்கு அடியில் கிடக்கிற ஒன்றை. ஆர்னி இரண்டு நாள் வில்லையே தொடவில்லை. மூன்றாம் நாள் தீர்ப்புக்கு ஆள் கூப்பிட்டார்.

மெல் வந்தார். அவர் வாழ்நாள் முழுக்க மரம் அறுக்கும் மோட்டார் ரம்பத்தோடு காட்டில் இருந்தவர். கூடவே குடிலைச் சேர்ந்த இன்னும் இருவர். ஒருவர் கல் சுரங்கத்தில் வெடி வைத்தவர். இன்னொருவர் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுநர், முதுகுக்குப் பின்னால் நாற்பது பிள்ளைகளைக் கத்தவிட்டே பிழைத்தவர். ஒவ்வொருவராகச் சவுனாவுக்குள் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். ஆர்னி அம்பு விட்டார்.

"எனக்கு ஒன்னும் கேக்கல" என்றார் மெல்.

"சுத்தமா ஒன்னும் இல்ல" என்றார் சுரங்கக்காரர்.

"தொம்முன்னு ஒன்னு கேட்டுச்சு. அதுக்கு முன்னாடி பூனை நடக்குற சத்தம்கூட இல்ல" என்றார் பேருந்துக்காரர்.

ஆர்னிக்குத் தலை நிமிர்ந்தது. நான்கு பேரும் தோட்டத்து நடுவில் நின்று, வெர்னாவுக்குப் பள்ளிச் சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டுக் கேட்டுக் காதுக்குள் ஏதோ ரீங்காரம் வந்துவிட்டது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் வெர்னா சமையலறைப் படியில் வந்து நின்றார். கையில் தட்டு. மாட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்துச் சுட்ட பாஸ்டி, ஆவி பறந்தது. கத்தவில்லை. வீட்டில் பேசுகிற குரலில் கேட்டார்:

"பாஸ்டி சூடா இருக்கு. யாருக்கு வேணும்?"

யாரும் திரும்பவில்லை. வாசல் மிதியடியில் படுத்திருந்த நாய் மட்டும் எழுந்து வந்தது.

"கடைசியா கேக்குறேன். வேண்டாம்னா நாய்க்குப் போட்டுருவேன்."

நான்கு முதுகுகளும் அசையவில்லை. வெர்னா சொன்னபடி ஒன்றை எடுத்து நாய்க்குப் போட்டார். கொஞ்சம் கழித்து மெல் தும்முவதற்காகத் திரும்பியவர், நாயின் வாயில் இருப்பதைப் பார்த்துவிட்டார்.

"ஏய், ஏய்! நாய்க்கு எதுக்கு முழு பாஸ்டி?"

"கூப்பிட்டேன். அதுதான் வந்துச்சு."

"எப்பக் கூப்பிட்ட?"

"இப்பத்தான். ரெண்டு தடவ."

பேருந்துக்காரர் முதலில் சிரித்தார். பிறகு மெல். சுரங்கக்காரருக்கு விஷயம் புரிய இன்னொரு தடவை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. ஆர்னி சிரிக்கவில்லை. விறகு பிளக்கும் கட்டையில் போய் உட்கார்ந்தார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாஸ்டியோடு நழுவிய பிறகு வெர்னா பக்கத்தில் போனார்.

"அந்தச் சத்தம், ரொம்பப் பெருசா?" என்று கேட்டார் ஆர்னி.

"எனக்கே கேக்குதுன்னா மானுக்கு எப்படி இருக்கும்னு நீயே சொல்லு."

"நான் கை போச்சுன்னு நெனச்சேன், வெர்னா."

"கை நல்லாத்தான் இருக்கு."

"தவறத் தவறப் பெருசாக்கினேன். பெருசாக்கப் பெருசாக்கக் கத்தியிருக்கு." இலக்கில் நின்ற அம்பைக் கை காட்டினார். "போன வருஷத்துக் கொம்பன்…"

வெர்னா தட்டில் மிச்சமிருந்ததை அவர் மடியில் வைத்தார்.

மறுநாளிலிருந்து இருவரும் வேலையில் இறங்கினார்கள். சவுனா ஜன்னலில் வெர்னா, தோட்டத்துக் கோடியில் ஆர்னி. காபி ஆறுகிற வரைதான் உட்காருவேன் என்பது வெர்னாவின் நிபந்தனை. பழைய இறகின் சத்தத்துக்கு வெர்னா கொடுத்த பெயர் "போர்வை கிழியிறது." ஆர்னி நேராக வெட்டிய பின்முனையை வட்டமாகச் சரித்து வெட்டினார். "கிழியல. சீறுது." இறகின் முன்நுனியில், தண்டு ஒட்டும் இடத்தில், ஒரு தீக்குச்சித் தலை அளவுக்கு மேடு இருந்தது. இத்தனை வருடம் அதை அவர் பொருட்படுத்தியதில்லை. உப்புத்தாளில் தேய்த்து, அம்போடு அம்பாக இழைந்து போகும்படி செய்து, மேலே நூல் சுற்றினார். "பாதி போயிருச்சு" என்றார் வெர்னா.

இந்த வேலை ஊரில் பரவியது. மெல் வழியில் நிறுத்தி யோசனை சொன்னார்.

"ஆந்தை இறகு கட்டுடா. எலி தலைக்கு மேல வந்து நின்னாலும் எலிக்குத் தெரியாது."

"ஆந்தை இறகைக் கையில வச்சிருந்தாலே சட்டப்படி குத்தம்."

"ஆந்தை போயி புகார் கொடுக்குமா?"

"ஆந்தை கொடுக்காது. வெர்னா கொடுப்பா."

ஒரு நாள் மூன்று அங்குலத்தில் குட்டி இறகு ஒட்டி அம்பை விட்டார். வெர்னா ஜன்னலில் தலையை நீட்டினார். "விட்டியா இல்லையா?" ஆர்னிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு வெர்னாவை வெளியே கூட்டிப் போனார். ஆனால் மறுநாள், பயிற்சிக்குப் போடும் மொட்டை முனையைக் கழற்றிவிட்டு வேட்டைக்குப் போடும் கத்தி போன்ற அலகை மாட்டி விட்டபோது அம்பு வைக்கோலையே விட்டு விலகி ஒரு சாண் தள்ளிச் சவுனாச் சுவரில் குத்தியது. அலகு அகலமானது, அதுவே முன்பக்கம் ஒரு சிறகு மாதிரி காற்றைப் பிடித்து இழுக்கும். அதைப் பின்னாலிருந்து அடக்க அந்தக் குட்டி இறகுக்குத் தெம்பு இல்லை. போதாததற்கு வெர்னா கோபமாக வெளியே வந்தார்.

"இப்ப விசில் அடிக்குது!"

அலகில் எடை குறைப்பதற்காக வெட்டிவிட்ட ஓட்டைகள். ஆர்னி விரல் வைத்துப் பார்த்தார். காற்று புகுந்தால் ஊதத்தான் செய்யும்.

அடுத்த சில வாரம் இப்படியே போனது. சத்தம் குறைந்தால் குறி தவறும். குறி சரியானால் வெர்னா காதைப் பொத்துவார். ஒரு கட்டத்தில் ஆர்னி கிடுக்கியைத் தூக்கிப் போட்டுவிட்டு, இந்த வருடம் போகவே வேண்டாம் என்றார். வெர்னாதான் அதை எடுத்து மேசையில் வைத்தார். "ஒரு மாசமா நான் சொல்ற ஒவ்வொரு வார்த்தையையும் முதல் தடவையிலேயே கேட்டான். அதை விடுறதுக்கு எனக்கு மனசு வரல" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

செப்டம்பர் கடைசியில் வந்து நின்றது இதுதான்: நான்கு அங்குல இறகு, தாழ்ந்த உயரம், வட்டமான முதுகு, ஒரு அம்புக்கு மூன்று இறகுக்குப் பதில் நான்கு, லேசான திருகல். முன்நுனியில் நூல். ஓட்டை இல்லாத, இரண்டே விளிம்புள்ள அலகு. இறகு ஈரத்தில் படியாமல் இருக்க ஒரு பொடி. ஆர்னி அம்பை விட்டார். வைக்கோலின் நடுவில் நின்றது. வெர்னா ஜன்னலில் கன்னத்தில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"சொல்லேன்!" என்று கத்தினார் ஆர்னி.

"என்னத்தைச் சொல்ல? குத்தின சத்தம்தான் கேட்டுச்சு."

அக்டோபர் இரண்டாம் வாரம், சனிக்கிழமை காலை. ஆர்னியின் பரண், யாரோ எப்போதோ விட்டுப்போன பண்ணையின் காட்டு ஆப்பிள் மரத்தைப் பார்த்து இருக்கிறது. வெளிச்சம் நன்றாக வந்தபிறகு ஓர் இளம் கொம்பன் வந்தது. உதிர்ந்த ஆப்பிளை ஒவ்வொன்றாக மோந்து பார்த்துத் தின்றது. பதினெட்டு கெஜம். பக்கவாட்டில் திரும்பி, முன்னங்காலை ஒரு அடி முன்னே வைத்தது. ஆர்னி நாணை இழுத்து விட்டார்.

மான் குனியவில்லை. ஓடவில்லை. தலையைத் தூக்கி வேறு பக்கம் பார்த்தது. வாயில் இருந்ததை மென்றது. பிறகு நிதானமாக நடந்து, விழுந்து கிடந்த ஒரு பெரிய ஹெம்லாக் மரத்துக்குப் பின்னால் போய் மறைந்தது.

ஆர்னி இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். இத்தனை வருடத்தில் அவர் அடித்த மானும் சரி, தவறவிட்ட மானும் சரி, இப்படி நடந்துகொண்டதில்லை. அம்பு பட்ட மான் துள்ளும், பாயும். படாததும் பாயும். ஒன்றுமே நடக்காதது போல நடந்து போகிற மான் என்றால், அம்பு எங்கேயோ போய்விட்டது என்றுதான் அர்த்தம். இறங்கிப் போய்ப் பார்த்தார். மான் நின்ற இடத்தில் ரோமம் இல்லை, ரத்தம் இல்லை. அதற்கு அப்பால் இடுப்பளவு பெரணிப் புதர். அதற்குள் கிளறிப் பார்த்தும் அம்பு கிடைக்கவில்லை. தூறல் ஆரம்பித்தது. காயம் இல்லை, அதுவரை நல்லது என்று நினைத்துக்கொண்டு குடிலுக்கு நடந்தார்.

குடிலில் யாரும் கேட்கும் முன்பே சட்டையை வெளியே இழுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றார். மெல் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"வெட்டு" என்றார் ஆர்னி.

மெல் வெட்டினார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுப்பில் விறகு வெடிக்கிற சத்தம் மட்டும். அதுவும் அந்த அறையில் எத்தனை பேருக்குக் கேட்டதோ.

சனிக்கிழமை மதியச் சாப்பாடு பெண்கள் கொண்டுவருவது. வெர்னா பாத்திரத்தோடு உள்ளே வந்தார். ஆர்னியின் முதுகைப் பார்த்தார்.

"என்ன ஆச்சு?"

"வெர்னா, வெட்டியாச்சு" என்றார் மெல். "கேக்கக் கூடாது."

"நான் உங்க குடில் ஆளா?"

"இல்ல…"

"பொம்பளைங்களைச் சேக்க மாட்டோம்னு நீங்கதானே சொன்னீங்க. அப்ப உங்க சட்டமும் எனக்குக் கிடையாது." பாத்திரத்தை மேசையில் வைத்தார். "ஆர்னி, இங்க பாரு. மான் குனிஞ்சுதா?"

"இல்ல."

"ஓடிச்சா?"

"இல்ல. மென்னுக்கிட்டே நடந்து போச்சு."

"அம்பு எங்க?"

"கிடைக்கல."

"கை நடுங்கிச்சா?"

ஆர்னி யோசித்தார். "இல்ல. நல்லாத்தான் விட்டேன்."

"பதினெட்டு கெஜத்துல நீ நல்லா விட்ட அம்பு, குனியாம நிக்கிற மானை விட்டுட்டு எங்க போகும்?"

சுரங்கக்காரர் ரொட்டியை வாயருகே வைத்தபடியே நின்றுவிட்டார். மெல் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியைத் தேடினார். ஆர்னி அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தார், பின்பக்கம் பனியன் தெரிய.

மான் அந்த ஹெம்லாக் மரத்துக்கு அந்தப் பக்கமே கிடந்தது. படுத்துத் தூங்குவது போல. வாயோரத்தில் ஆப்பிள் தோல் ஒட்டியிருந்தது. அது நடந்த தடத்தில் ரத்தம் மரத்தருகே வந்துதான் ஆரம்பித்திருந்தது. அம்பைக் கண்டுபிடித்தவர் மெல். விலாவுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியேறி, பெரணிக்கு அப்பால் மண்ணில் செருகியிருந்தது. நான்கு இறகுகளும் நனைந்து தண்டோடு படிந்து சிவந்திருந்தன.

ஆர்னி முழங்காலிட்டு மானின் கழுத்தில் கை வைத்தார். இன்னும் சூடாக இருந்தது.

"அதுக்குத் தெரியவே இல்ல, வெர்னா."

"அதுக்குத்தானே ஒரு மாசமா என்னை அந்தப் பலகையில உக்கார வச்ச."

ஆர்னி தலையை ஆட்டினார். கையை எடுக்கவில்லை. "இன்னும் அரை மணி நேரம் தேடியிருக்கணும். கிடந்து வீணாப் போயிருக்கும்."

"வீணாப் போகலையே" என்றார் வெர்னா. "எழுந்திரு. முழங்கால் நனையுது."

மாலையில் குடிலில் ஒரு வழக்கு எழுந்தது. வெட்டிய துண்டு மேசையில் கிடந்தது. வெட்டிய துணியைத் திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. ஆனால் தவறாத அம்புக்குத் தவறவிட்டவன் என்று பெயர் எழுதுவது எப்படி? ஆர்னி, பத்தாவதாக அடித்துவிடு, எனக்கு ஒன்றும் இல்லை என்றார். பேருந்துக்காரர், வெர்னாவிடம் கொடுத்துத் தைக்கச் சொல்லலாம் என்றார். வெர்னா, தைக்க மாட்டேன் என்றார். மெல் துண்டை எடுத்து விளக்கில் பிடித்துப் பார்த்தார், பேனாவைத் திறந்தார்.

"இன்னிக்கு இங்க தப்பு பண்ணது ஒரே ஒரு ஆளு" என்று சொல்லிக்கொண்டே தன் பெயரை எழுதி ஆணியில் அடித்தார்.

மானின் ஈரலை அன்றே வெங்காயத்தோடு வதக்கிச் சாப்பிட்டார்கள். தொடை இறைச்சியில் ஒரு பங்கு பேருந்துக்காரர் வீட்டுக்கும் ஒரு பங்கு சுரங்கக்காரர் வீட்டுக்கும் போனது. ஆர்னி வில்லின் நாணைத் தளர்த்தி, சமையலறைக் கதவுக்குப் பின்னால், எப்போதும் மாட்டுகிற இடத்தில் மாட்டினார். அலமாரியில் காலுறைக்கு அடியில் கிடந்த பழைய கருவியை எடுத்துப் பார்த்தார். அதன் பேட்டரி பொங்கிக் கெட்டுப்போயிருந்தது.

வரும் வியாழக்கிழமை காலை அவருக்குப் புதிதாகக் காது பரிசோதனை. மெல்லும் அதே நாளில் நேரம் வாங்கியிருக்கிறார். இருவரையும் வண்டியில் கூட்டிப் போகப்போவது வெர்னா.